ஆடு நக்கிய சுவர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கொழுந்தன் மனைவி இறந்தபோது அவள் பிள்ளைகள் இரண்டையும் என் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டேன். ஏழு பேரில் ஒருவரும் பசியோடு படுத்ததில்லை, அடுத்தவர் வாசலில் போய் நின்றதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருடம் போனேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதினால் வரி மேலே ஏறிப் போய்விடும். அதனால் நான் சொல்கிறேன், மகன் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள்.

என் வயசுக்காரிகளே, உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். பிள்ளைகள் எங்கேயோ ஒரு பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, நீங்களும் ஒரு எட்டு வந்து பாருங்கள் என்பார்கள். போன வாரம் என் கடைசி மகன் வந்து அப்படித்தான் கூப்பிட்டான். திண்டுக்கல்லுக்குள்ளேயே, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடு. இஞ்சினியர் பார்த்துவிட்டார், வக்கீல் பத்திரம் பார்த்துவிட்டார், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றான். கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு நாக்கில் உப்புக் கரித்தது. அது எனக்கு ஒன்பது வயதில் வந்த கோடையின் உப்பு. மகன் காட்டிய வீட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்போது நாங்கள் பேகம்பூருக்கு அந்தப் பக்கம் தோல்ஷாப்பை ஒட்டின லைன் வீட்டில் குடியிருந்தோம். பச்சைத் தோலை ஊறவைத்துப் பதம் பண்ணுகிற இடத்தை எங்கள் ஊரில் தோல்ஷாப்பு என்போம். என் அத்தா அங்கே தோலைத் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். நான் பிறந்த பிறகுதான் அந்த வேலைக்காகத் திண்டுக்கல்லுக்கு வந்தார். தோலின் மேல் பக்கம் எவ்வளவு மினுமினுத்தாலும் அவர் அதைப் பார்க்க மாட்டார். புரட்டிப் போட்டு, உட்பக்கத்தைப் புறங்கையால் தடவுவார். கத்தி பட்ட கீறலோ உண்ணி கடித்த ஓட்டையோ இருந்தால் கை நின்றுவிடும். முதலாளியே அவர் கையைப் பார்த்துத்தான் விலை சொல்வார்.

சுண்ணாம்புத் தொட்டி, ஆவாரம்பட்டை ஊறின தண்ணீர், உப்புப் போட்டு அடுக்கின தோல், இந்த மூன்றும் கலந்து வருவதுதான் எங்களுக்குக் காற்று. வெளியூர்ச் சொந்தங்கள் வந்தால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். எதற்கு வைக்கிறார்கள் என்று எனக்குப் புரியாது.

அக்காவுக்கு அப்போது பதினெட்டு. அவளுக்கும் எனக்கும் நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனாலோ என்னவோ என்னை இடுப்பை விட்டு இறக்க மாட்டாள். ஒன்பது வயதுக் கழுதையை மடியில் போட்டுக்கொண்டுதான் கீரை ஆய்வாள். படுத்தால் என் மேல் காலைப் போட்டுக்கொள்வாள். அவள் மூச்சு என் பிடரியில் படாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பழனியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அக்காவைப் பார்த்த ஒருவர், கட்டினால் இவளைத்தான் என்று தன் வீட்டில் சொல்லிவிட்டார். நெய்க்காரப்பட்டியில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம். அவருடைய அம்மா எங்கள் லைன் வீட்டுக்கு வந்தார். கெட்ட மனுஷி இல்லை. அக்கா கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். போகும்போது என் அம்மாவிடம் தணிந்த குரலில்தான் சொன்னார்.

"பொண்ணு தங்கமுங்க. ஆனா இந்த வாடைக்குள்ள எங்க சனம் வந்து உக்காந்து சாப்பிடாதுங்க. வேற பக்கம் வீடு பாத்துட்டுச் சொல்லி அனுப்புங்க. பெருநாளைக்கு முன்னால வந்து பேசி முடிச்சுக்கலாம்."

அத்தா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளே வீடு பார்க்கக் கிளம்பினார். வாடகை வீடு வேண்டாம், சொந்த வீடு, தோல்ஷாப்பு வாடை எட்டாத இடத்தில், என் மகள் நிக்காஹ் அந்த வாசலில்தான் என்றார். அம்மாவின் நகை, அத்தாவின் சேமிப்பு எல்லாம் அதற்குள் போயின.

ஊருக்கு நடுவில் ஒரு வீடு அமைந்தது. ஓட்டுக் கூரை, மூன்று அறை, பின்னால் கிணறு. முழு வீட்டுக்கும் புதுசாக வெள்ளையடித்து, பார்த்தால் கண் கூசும். வீட்டுக்காரர் மதுரையில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போவதால் விற்கிறேன் என்றார். நாங்கள் எல்லாரும் பார்க்கப் போனோம். ஆடும் வந்தது.

ஆட்டைச் சொல்ல மறந்துவிட்டேன். பக்ரீத்துக்குக் குர்பானி கொடுக்க அத்தா அய்யலூர்ச் சந்தையில் வாங்கி வந்த கிடா. செவலை உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. இரண்டு மாதம் வளர்க்க வேண்டியது என் பொறுப்பு. நான் போகிற இடத்துக்கெல்லாம் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன்.

அத்தா அந்த வீட்டைப் பார்த்த அழகை இன்றைக்கு எந்த இஞ்சினியரும் பார்க்க மாட்டார். உத்திரத்தை ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டார். கறையான் இருக்கிறதா என்று நிலைக்கதவில் ஆணியால் குத்தினார். ஓட்டின் மேல் ஏறி நடந்தார். ரிஜிஸ்தர் ஆபீசில் வில்லங்கம் பார்த்திருந்தார். கிணற்றுக் கயிறு அன்றைக்கு அறுந்துபோயிருந்தது. வீட்டுக்காரர் பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார். இனிப்பாக இருந்தது. நல்ல தண்ணீர் என்று அத்தா தலையாட்டினார்.

ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கொத்தனார் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். அவர் ஒன்றையும் தட்டவில்லை, குத்தவில்லை. உள்ளறைச் சுவரை நகத்தால் லேசாகச் சுரண்டிவிட்டுச் செத்த நேரம் நின்றார்.

"ஏனுங்க பாய், ஒரு மழை பாத்துப்போட்டு வாங்கலாமுங்களே. வெய்யில்ல எந்தச் சுவரும் நல்லாத்தானுங்க இருக்கும்."

"மழைக்கு நான் எங்க போறது மேஸ்திரி? பெருநாளைக்கு முன்னால வாரோம்னு சொல்லிட்டாங்க."

மேஸ்திரி நகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கூலிக்கு வந்தவர், எவ்வளவு சொல்வார்?

அந்த நேரத்தில்தான் ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனது. சுவரில் மூக்கை வைத்து மோந்தது. பிறகு நாக்கை நீட்டி நக்க ஆரம்பித்தது. சும்மா இல்லை, கண்ணை மூடிக்கொண்டு, தாய் மடியில் குட்டி முட்டுகிற மாதிரி சுவரை முட்டி முட்டி நக்கியது. நான் அத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நக்கட்டும்த்தா, புதுச் சுண்ணாம்பு ருசி என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோயிற்று.

"பாத்தீகளா, வாயில்லாச் சீவனுக்கே இந்த வீடு புடிச்சிருக்கு."

அந்தச் சொல்லோடு வீடு முடிவாயிற்று. வீட்டுக்காரர் மட்டும் ஓடிவந்து ஆட்டின் காதைப் பிடித்து வெளியே இழுத்துப்போய், ஒரு கட்டு அகத்திக்கீரையைப் போட்டார். நல்ல மனுஷர் என்று நினைத்தேன்.

பால் காய்ச்சி, பாத்திஹா ஓதிக் குடி போனோம். அக்கா அந்த வீட்டைக் கையில் வைத்துத் தாங்கினாள். உள்ளறை ஜன்னலுக்குப் பக்கத்தில் தன் இரும்பு டிரங்குப் பெட்டியை வைத்தாள். பேசி முடிக்கும் நாளில் கட்டுவதற்காக அத்தா சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு சுங்குடிச் சேலை வாங்கி வந்திருந்தார். மாதுளம்பூ நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதைப் பெட்டியில் வைத்து நாளுக்கு நாலு தடவை திறந்து பார்ப்பாள்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் தெரிந்தன. காலையில் சுவரோரம் மாவு கொட்டின மாதிரி வெள்ளைத் தூள் கிடக்கும். புது வெள்ளை உதிர்கிறது என்று அக்கா கூட்டி அள்ளுவாள். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. அம்மா பருப்புக் கடைக்காரரைத் திட்டினாள். தலை குளித்தால் முடி தேங்காய் நாராக நின்றது. வீட்டுக்காரர் கொடுத்த இனிப்புத் தண்ணீர் தெருக்குழாய்த் தண்ணீர் என்று அப்புறம் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். வாங்கிவிட்ட வீட்டில் குறை இருப்பதை யாருக்கு ஒப்புக்கொள்ள மனசு வரும்?

எனக்கு மட்டும் ஒன்று தெரியும். ஆடு அவ்வளவு ருசித்து நக்குவதைப் பார்த்து, யாரும் இல்லாதபோது நானும் நக்கிப் பார்த்தேன். உப்பு. சுத்தமான உப்பு. அது மாங்காய்க் காலம். மாங்காயைக் கீறி, கீற்றை உள்ளறைச் சுவரில் ஒரு தேய்ப்புத் தேய்த்துத் தின்றேன். அதைப் போல ருசி பிறகு எந்த மாங்காயிலும் எனக்குக் கிடைக்கவில்லை. சுவரைத் தின்கிறவள் என்று அடி விழுமே என்று யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

அவர்கள் வருவதாகச் சொன்ன நாளுக்கு மூன்று நாள் முன்னால் கோடை மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. மறுநாள் விடிந்து பார்த்தால் உள்ளறைச் சுவர் கருத்துப்போய், வியர்த்துக்கொண்டு நிற்கிறது. வெள்ளை, வெந்த தோல் மாதிரி சுருண்டு விழுகிறது. அம்மாவும் அக்காவும் துடைத்தார்கள், சுண்ணாம்பு கரைத்து மேலே பூசினார்கள், பூசினது பிடிக்காமல் வழிந்தது. ஈரக்காற்று வராமல் ஜன்னலை மூடிவைத்து, விசேஷ நாள் என்று சாம்பிராணி போட்டார்கள். சுவர்தான் அசிங்கமாக இருக்கிறது என்று நினைத்தோம். வேறு ஒன்றும் எங்களுக்குத் தெரியவில்லை. அல்லா சாட்சியாகத் தெரியவில்லை.

பிளசர் கார் பிடித்து எட்டுப் பேர் வந்தார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கைக்குட்டையை எடுத்தார். கர்ப்பமாக இருந்த ஒரு பெண் எழுந்து வாசலுக்கு ஓடினாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு தயாராக இருக்கிறது என்று அத்தா சொன்னார். யாரும் கை கழுவ எழுந்திருக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். நான் அங்கே ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அக்கா சுங்குடிச் சேலையில் சர்பத்துத் தட்டோடு நின்றாள். அவள் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"அங்க இருக்கும்போது தோல்ஷாப்பு வாடைன்னு நெனைச்சமுங்க. இடம் மாறி வந்தும் அதே வாடை அடிக்குதுங்களே. அப்ப அது இடத்து வாடையில்லீங்க."

அவ்வளவுதான் சொன்னார். கார் போய்விட்டது. ஆக்கின சோறு ஆக்கினபடி இருந்தது. அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். அந்த உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள். சாயங்காலம் மறுபடியும் குளித்தாள். நாளுக்கு மூன்று தடவை ஆயிற்று. அம்மா வீட்டிலிருந்த துணி எல்லாவற்றையும் வேகவைத்துத் துவைத்தாள். அத்தா வேலைச் சட்டையை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். எங்கள் உடம்பில்தான் என்னவோ இருக்கிறது என்று நாங்கள் எல்லாருமே நம்பிவிட்டோம்.

ஒரு மத்தியானம் அக்கா ஈரத் தலையோடு என் முன்னால் குனிந்தாள்.

"எம்மேல வாடை அடிக்குதாடி? நெசத்தைச் சொல்லு."

கழுத்தை மோந்தேன், கையை மோந்தேன். இல்லக்கா என்றேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்? நம்ம வீட்டுல யாருக்குத்தான் தெரியும்?"

அன்றைக்கு அவள் பாயை எடுத்துத் தனியாகப் போட்டுக்கொண்டாள். அந்தப் பாய் திரும்பி என் பக்கம் வரவே இல்லை.

பெருநாள் வந்தது. கிடாவை அறுத்தார்கள். நான் அழுதேன். குர்பானித் தோலை மதரசாவுக்குக் கொடுப்பது வழக்கம். வீடு வீடாக வாங்க ஒரு கிழவர் வந்தார், காலமெல்லாம் தோல் மூட்டை சுமந்தவர். தோல் உள்ளறையில் இருக்கிறது என்று அத்தா சொன்னதும், எது உள்ளறை என்று கேட்காமல் நேராக நடந்துபோனார். இடையில் இருந்த ஒரு படியைப் பார்க்காமலே தாண்டினார். சுவரைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பினார்.

"என்ன பாய், நம்ம உப்புக் கிட்டங்கிய நீங்களா வாங்குனது? இங்கனதான தோலை அடுக்கி உப்புப் போடுவோம். கூரை வரைக்கும் கெடக்கும். எம்புட்டு வருசம் இந்தப் படியில ஏறி எறங்கியிருப்பேன்."

அந்தத் தோல் கிடங்கை வைத்திருந்த வியாபாரி செத்து, அது பூட்டிக் கிடந்து, நடுவில் சுவர் வைத்து வீடாக்கி விற்றிருக்கிறார்கள். அத்தா ஊருக்கு வருவதற்கு முன்னால் நடந்த கதை. வருடக்கணக்காகத் தரை குடித்த உப்பையும் தோல் தண்ணீரையும் சுவர் உறிஞ்சி வைத்திருந்தது. மழை பட்டதும் வெளியே விட்டது. பக்கத்து வீட்டுக்காரியை அம்மா போய்க் கேட்டாள். நீங்கள் தோல்காரர்கள், தெரிந்துதான் வாங்குகிறீர்கள் என்று இருந்தோம் என்றாள் அவள். அதில் என்ன தப்பு சொல்ல முடியும்?

கிழவர் போன பிறகு அத்தா அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தார். தோலைத் தடவுகிற மாதிரி புறங்கையை அதில் வைத்தார். அக்காவைப் பார்க்காமல்தான் பேசினார்.

"எனக்கு வாடை தெரியலையேத்தா. கதவைத் தொறந்ததும் தெரிஞ்சிருக்கணும். எனக்குத் தெரியலையே."

அப்போதுதான் நான் மாங்காய்க் கதையைச் சொன்னேன். சுவர் உப்பு என்று எனக்கு முதலிலேயே தெரியும் என்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. யாராவது இரண்டு அடி அடித்திருந்தால் இத்தனை வருடம் இதைச் சுமந்திருக்க மாட்டேனோ என்னவோ. அந்தச் சுவர் உப்பு என்று மழைக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அத்தாவுக்கு உடனே விளங்கியிருக்கும். உப்பும் தோலும் அவர் தொழில். மாப்பிள்ளை வீட்டாரை அங்கே வரவிட்டிருக்க மாட்டார்.

அத்தா மறுநாளே பஸ் ஏறி நெய்க்காரப்பட்டிக்குப் போனார். வாடை வீட்டுக்கு, என் பிள்ளைக்கு இல்லை என்று சொல்லத்தான் போனார். அதற்குள் அவர்கள் உடுமலைப் பக்கம் வேறு பெண் பேசி முடித்துவிட்டார்கள். அக்காவைக் கேட்ட அந்த மாப்பிள்ளை ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். அத்தா அதைக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

அக்கா அந்தக் கிழவர் சொன்னதை நம்பினாள் என்றா நினைக்கிறீர்கள்? நம்பவில்லை. எனக்காகச் சேர்ந்து பேசிவைத்துச் சொல்கிறீர்கள் என்றாள். மூன்று வருடம் கழித்துத் தோல்ஷாப்பில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். தங்கமான மனுஷர். என் மூக்குச் செத்த மூக்கு, நீ ஏன் பயப்படுகிறாய் என்று சிரிப்பார். அவர் சொல்லும் எடுபடவில்லை. பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த கையோடு தள்ளிப் படுக்க வைத்துவிடுவாள். கல்யாண வீடுகளில் ஓரமாக, தன்மேல் பட்ட காற்று யார்மேலும் படாத பக்கமாக உட்காருவாள். என்னோடு பேசினாலும் ஒரு கை தூரம் தள்ளித்தான். அந்தச் சேலை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. டிரங்குப் பெட்டியின் அடித்தகரத்தை உப்பு தின்றுவிட்டது. துரு சேலையின் ஒவ்வொரு மடிப்பிலும் ஏறியிருந்தது.

அத்தா அந்த வீட்டை மூன்று தடவை சுரண்டிப் பூசினார். மூன்று தடவையும் உப்பு திரும்பி வந்தது. வெள்ளையடித்து விற்றுவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். இன்னொருத்தன் மகளுக்கா என்று கேட்டார். மௌத்தாகும்வரை அங்கேயே இருந்தார். இப்போது அந்த இடத்தில் பைக் ஸ்டாண்டு இருக்கிறது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்கா மௌத்தானாள். நான்தான் அவளைக் குளிப்பாட்டினேன். சூடம் கலந்த தண்ணீரைக் கடைசியாக ஊற்றிவிட்டு, மற்றவர்கள் கபன் துணியை எடுக்கத் திரும்பினபோது, அவள் கழுத்தில் முகத்தை வைத்தேன். அறுபது வருடத்துக்குப் பிறகு அவ்வளவு கிட்டத்தில் போக விட்டாள். சூடமும் சோப்பும்தான். வேறு ஒன்றும் இல்லை. சொல்லக் கேட்க அவள் இல்லை.

இனி மகன் காட்டிய வீடு. போனேன். நல்ல வீடுதான். புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தது. மகனும் புரோக்கரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். நான் உள்ளறையில் தனியாக நின்றேன். யாரும் பார்க்கவில்லை. கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, குனிந்து, நாக்கை வைத்துப் பார்த்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. உப்பு இருக்கிறதா, இல்லையா, பெயின்ட்டா, எதுவும் தெரியவில்லை. பத்து வருடமாக டாக்டர் உப்பை நிறுத்தச் சொல்லி, மாத்திரை தின்று தின்று, என் நாக்குச் செத்துப்போயிருக்கிறது. அந்த அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தா சுவரில் புறங்கையை வைத்து உட்கார்ந்த அன்றைக்கு, ஏன் இந்த மனுஷனுக்குத் தெரியாமல் போனது என்று எனக்குள் ஒரு கோபம் இருந்தது. அது இத்தனை வருடமாக இருந்திருக்கிறது என்பதே இந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

மகன் இறங்கி வந்து, என்னம்மா, வீடு எப்படி என்று கேட்டான்.

"எனக்குத் தெரியலப்பா. ஒரு மழை பாத்துட்டு வாங்கு."

அதுவரை காத்திருக்க மாட்டார்களாம், வேறு பார்ட்டி வருகிறதாம். அவன் முகம் வாடிப்போயிற்று. வந்தால் வரட்டும் என்றேன். ஐப்பசிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?

போதும். எழுதினதை ஒரு தடவை வாசித்துக் காட்டம்மா. அத்தாவைக் குறை சொல்கிற மாதிரி எங்கேயாவது வந்திருந்தால் அடித்துவிடு. அக்கா வருகிற இடத்தை மெதுவாக வாசி. வாடை என்று வருகிற இடத்திலெல்லாம் அது வீட்டு வாடை என்று தெளிவாகத் தெரிகிறதா, பார்த்துச் சொல்.